சிரிப்புச் சத்தம் வரும் புதர்: நீலகிரி சிரிப்பானை முதன்முதலாகத் தேடிப் போகிறவர்களுக்கு

பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்கிய நண்பர்கள் ஊட்டிக்குக் கிளம்பும்போது தவறாமல் கேட்பார்கள்: "நீலகிரி சிரிப்பானைப் பார்க்க எந்தக் காட்டுக்குள்ள போகணும்?" காட்டுக்குள்ளேயே போக வேண்டாம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அடர்ந்த சோலைக்குள், அட்டை கடிக்க நடந்து போனால்தான் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் தடவை வாடகைக்கு ஒரு ஜீப் பிடித்து, விடிவதற்கு முன்பே கிளம்பி, மூன்று மணி நேரம் குலுங்கி, மூடுபனியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். விடுதிக்கு வந்து, பின்கட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது முள்ளிப் புதருக்குள்ளிருந்து யாரோ அடக்க மாட்டாமல் சிரித்தார்கள். அவர்தான்.

ஆகவே நான் சொல்வதெல்லாம் இதுதான்: புதரைத் தேர்ந்தெடுங்கள், நில்லுங்கள், காதைத் தீட்டுங்கள். பறவை தானாக வரும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முகத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

மலைக்கு ஏறும் முன், வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. அளவு ஏறத்தாழ 20 செ.மீ.; புல்புல் வகையான செம்மீசைச் சின்னான் அளவுதான், ஆனால் உடம்பு இன்னும் உருண்டை. முதுகு பழுப்பு கலந்த ஆலிவ் பச்சை. நெஞ்சும் வயிறும் செங்கல் நிறம். தலை உச்சி சாம்பல் கலந்த பழுப்பு. இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் புதருக்குள் உங்களுக்குக் கிடைக்கப்போவது அரை நொடி, அதிலும் பாதி உடம்பு இலைக்குப் பின்னால்.

அந்த அரை நொடியில் பார்க்க வேண்டியது புருவம். கண்ணுக்கு மேலே சுண்ணாம்பைத் தொட்டு இழுத்த மாதிரி அகலமான வெள்ளைக் கோடு, அதன் மேல் விளிம்பில் கறுப்பு. கண்ணுக்கு முன்னும் பின்னும் கறுப்பு, தொண்டையும் கறுப்பு. வெள்ளைப் புருவம், கறுப்புத் தொண்டை, செங்கல் நெஞ்சு. இந்த மூன்றில் இரண்டு தெரிந்தாலே போதும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருப்பதால் அந்தக் குழப்பமும் இல்லை.

சமவெளிக்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர்த் தோட்டத்தில் ஏழெட்டாகக் கூடிக் கத்தும் தவிட்டுக்குருவிகளை நினைத்துக்கொண்டு வருவார்கள். குணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: தரையோடு தரையாகச் சருகைக் கிளறுவது, ஒன்று கத்தினால் எல்லாம் கத்துவது. ஆனால் ஊட்டி உயரத்துக்குத் தவிட்டுக்குருவி ஏறுவது அரிது. அங்கே புதருக்குள் கூச்சல் கேட்டால் முதலில் சிரிப்பானையே சந்தேகப்படுங்கள்.

எந்தப் புதர்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நீலகிரியின் மேட்டுப்பகுதி, தேயிலையும் தைல மரமும் வருவதற்கு முன், பெரும்பாலும் புல்வெளி. மடிப்பு மடிப்பான குன்றுகளுக்கு நடுவே, தண்ணீர் தங்கும் பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. புல்லும் சோலையும் சந்திக்கும் விளிம்பில் இடுப்பளவும் ஆளுயரமுமாகப் புதர்கள்: தவிட்டுப்பழம், முள்ளிப்பழம், ஊசிக்களா, குறிஞ்சி வகைகள். சிரிப்பான் சோலைக்குள்ளும் இருக்கும்தான்; ஆனால் அதன் சமையலறை இந்த விளிம்பு. பழம், பூச்சி, பதுங்க இடம் மூன்றும் ஒரே இடத்தில். 1800-களில் வெள்ளைக்காரர்கள் வந்து சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் நட்டார்கள், மஞ்சள் பூப்பூக்கும் முட்செடிகளையும் வேலிச் செடிகளையும் கொண்டுவந்து விட்டார்கள். புல்வெளியை நம்பியிருந்த பறவைகளுக்கு அது பேரிடி. சிரிப்பானோ ஊருக்குள் இருக்கும் வேலியையும் ஒரு விளிம்பாகவே எடுத்துக்கொண்டது. எனவேதான் விடுதிப் பின்கட்டிலும், முட்டைக்கோஸ் தோட்டத்து ஓரத்திலும், தேயிலைக்கும் சோலைக்கும் நடுவே வெட்டாமல் விட்ட முள்ளுக்குள்ளும் அது இருக்கிறது.

சீகை மரம் மட்டுமே அடர்ந்து, கீழே வெறும் சருகு கிடக்கும் இடத்தில் நிற்காதீர்கள். வெட்டி ஒழுங்குபடுத்திய பூங்காப் பாத்தியிலும் நேரத்தைப் போக்க வேண்டாம். கோணல்மாணலாக, அடியில் இருட்டாக, பழம் உள்ள புதர், அதன் முன்னால் கொஞ்சம் திறந்த தரை. அந்தத் திறந்த தரை முக்கியம். அங்கேதான் அது குதித்து வெளியே வரும்.

இடப்பெயர் வேண்டுமென்றால்: ஊட்டியில் 1848-இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவின் மேல்பக்க ஓரங்கள், கேர்ன்ஹில் பகுதி, 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ஏறும் சாலையின் இருபக்கப் புதர்கள், கோத்தகிரியில் லாங்வுட் சோலையின் விளிம்பு. தொட்டபெட்டாவில் உச்சிக்குப் போய்த் தொலைநோக்கி மாடத்தில் தேடாதீர்கள். வண்டிகள் வரிசைகட்டும் முன்பே வந்து, சாலையோரமாக நில்லுங்கள். சாவடி திறக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முந்தின நாளே கேட்டுக்கொள்வது நல்லது. அவலாஞ்சிப் பக்கமும் இது உண்டு, ஆனால் அங்கே வனத்துறை அனுமதிக்கும் வழியில், அனுமதிக்கும் வண்டியில்தான் போக முடியும். வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்கிற பறவை அல்ல இது. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்கு அனுமதி வாங்க அலைவதும் இந்தப் பறவைக்காக வேண்டாத வேலை.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள்; 2024 மே 7 முதல் கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆகவே எவர்சில்வர் பாட்டில்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும் பறவை, வலசை போவதில்லை. மாதத்தைத் தீர்மானிப்பது உங்கள் வசதியும் மழையும்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவைப் புரட்டி எடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் கோத்தகிரிப் பக்கம் ஓரளவு தேவலை; ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியையும் குன்னூரையும் பிடித்துக்கொள்ளும். புதியவர்களுக்கு நான் சொல்வது டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை.

இதில் ஒரு நெளிவு உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். புல்லெல்லாம் உப்பைத் தூவிய மாதிரி வெளுத்துக் கிடக்கும். "விடியற்காலையே போகணும்" என்ற பாடத்தை நம்பி ஆறு மணிக்குப் போய் நின்றால் உங்கள் விரல்தான் விறைக்கும். அந்த நாட்களில் கிழக்குப் பார்த்த சரிவைத் தேர்ந்தெடுங்கள். முதல் வெயில் புதரின் உச்சியைத் தொடும்வரை டீக்கடையில் இருக்கலாம். வெயில் பட்ட பத்து நிமிடத்தில் புதர் உயிர்பெறும். மார்ச், ஏப்ரலில் அப்படியில்லை, வெளிச்சம் வரும்போதே நீங்களும் அங்கே இருக்க வேண்டும். காலையைத் தவறவிட்டால் சாயங்காலம், அடைவதற்கு முந்தின ஒரு மணி நேரம். கத்திவிட்டுத்தான் தூங்கப் போகும்.

கண்ணுக்கு முன் காது

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியதும் புதியவர்கள் செய்யும் தவறு, வந்த நொடியிலிருந்து அதைக் கண்ணில் ஒட்டிக்கொள்வது. சிரிப்பானுக்கு அது உதவாது. முதல் கால்மணி நேரம் பைனாகுலரைத் தொடவே வேண்டாம்.

அதன் சத்தம் உரக்க இருக்கும், திடீரென்று இருக்கும். "கிக்... கிக்... கிகிகிகீ" என்று தொடங்கி வேகம் பிடித்து, பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில் ஒருத்தன் அடக்கிவைத்த சிரிப்பு வெடிக்கிற மாதிரி முடியும். முடிவதற்குள் பக்கத்துப் புதரில் இன்னொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு சரிவுக்குக் கீழே மூன்றாவது. 1839-இல் ஜெர்டன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோதும் 'உரக்கச் சிரிப்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைத்தான் எடுத்தார். மலையாளத்தில் சிலப்பன் என்பார்கள், சிலுசிலுவென்று கத்துவதால். நம் 'சிரிப்பான்' எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. பனிக்குள் முகம் தெரியாமல் கேட்டால் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறதோ என்று கொஞ்சம் கூச்சமே வரும்.

மெர்லின் செயலி சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லும். பயன்படுத்துங்கள், ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரையையே பார்க்காதீர்கள். பதிவை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், சந்தேகம் வந்தால் மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். முந்தின நாள் இரவே நான்கைந்து ஒலிப்பதிவுகளை விடுதி அறையில் கேட்டுவிட்டால் காலையில் செயலியே தேவைப்படாது.

சிரிப்பைக் கேட்டதும் அந்தத் திசைக்கு ஓடக்கூடாது. ஓடினால் அது புதரின் மறுபக்கத்துக்குப் போகும், நீங்கள் சுற்றினால் பழைய பக்கத்துக்கே திரும்பும். இப்படி ஒரு வேலியை மூன்று தடவை சுற்றி வந்தவன் நான். தோட்டத்தில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தச் சிரிக்கிற குருவியா? பேசாம இப்படி வரப்புல உட்காருங்க. நாங்க வேலை செய்யறப்ப எங்க காலடிக்கே வரும்" என்றார். உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் என்ன நடக்கும்

அன்று நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரியும்.

முதலில் ஒன்றுமில்லை. வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து போயின. ஒரு செம்மீசைச் சின்னான் வேலி உச்சியில் உட்கார்ந்து எல்லோரையும் விரட்டியது. ஏறக்குறைய பத்து நிமிடம் கழித்து, புதரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு இலை மட்டும் ஆடியது. காற்று இல்லை. இதைத்தான் கவனிக்க வேண்டும்: காற்றில்லாதபோது ஆடும் ஒற்றை இலை. பிறகு மிக மெல்லிய 'ச்சிக்' சத்தம், சிரிப்பே இல்லை. மேயும்போது ஒன்றோடொன்று பேசிக்கொள்வது. அப்புறம் புருவம். இருட்டுக்குள் வெள்ளைக் கோடு மட்டும், முகம் இல்லாமல்.

அது திறந்த தரைக்கு இரண்டு குதி குதித்து வந்தது. சருகை அலகால் பக்கவாட்டில் தள்ளியது, காலால் அல்ல. ஏதோ ஒரு பூச்சியை எடுத்து விழுங்கியது. தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. முள்ளிக்கொடியில் பழுத்த மஞ்சள் பழம் ஒன்று தொங்கியது. எம்பி அதைப் பறித்துக்கொண்டு உள்ளே போனது. இன்னொன்று வந்தது, பிறகு மூன்றாவது. ஏழு நிமிடம் அந்த மூன்றும் என் முன்னால், ஐந்தடி தூரத்தில். கடைசியாக வந்தது தொண்டையைப் புடைத்து, உடம்பே குலுங்கச் சிரித்தபோதுதான் நான் பைனாகுலரைத் தூக்கினேன். அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் கண்ணாடியில் குவியவே இல்லை.

இதிலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள். பைனாகுலர் வாங்கப் போகிறீர்கள் என்றால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10 மடங்கு வேண்டாம், புதருக்குள் தேட அது குறுகல். இரண்டு மீட்டர் கிட்டத்திலும் குவியுமா என்று கடையிலேயே சோதியுங்கள். பனியின் குளிரிலிருந்து அறையின் சூட்டுக்குள் எடுத்து வந்தால் கண்ணாடியில் நீர் படியும், அதனால் பைக்குள் வைத்து மூடியே உள்ளே கொண்டு வந்து, குளிர் விட்ட பிறகு வெளியே எடுங்கள். சட்டையின் நிறத்தைவிடச் சத்தம் முக்கியம்: நைலான் ஜெர்கின் கை அசைந்தாலே சரசரக்கும், பறவைக்கு அது ஆள் வந்துவிட்டான் என்ற அறிவிப்பு. கம்பளி ஸ்வெட்டர் நல்லது. ஊட்டியில் சாலையோரத்திலேயே கிடைக்கும்.

உட்கார ஒரு பழைய சாக்கு கொண்டு போங்கள். புல் ஈரமாக இருக்கும், ஈரத்தில் உட்கார்ந்தவன் கால்மணிக்கு மேல் பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

காட்டெருமை

புதரைப் பார்த்துக்கொண்டே நிற்கிற நமக்கு இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைக்குள் காட்டெருமைகள் மாடு மேய்கிற மாதிரி மேயும். கரடியும் உண்டு, குறிப்பாக விடியலிலும் அந்தியிலும். புதருக்கு முன் நிற்கும் முன், உங்கள் பின்பக்கம் எந்த வழியாக வெளியேறலாம் என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். தனியாகக் காட்டெருமை நின்றால், அன்றைக்கு அந்தப் புதர் அதற்கு; முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்கி வேறிடம் போங்கள். உள்ளூர்க்காரர்கள் "அந்தப் பக்கம் போகாதீங்க சார்" என்றால் காரணம் கேட்டு நிற்காமல் திரும்பிவிடுவேன்.

தனியார் எஸ்டேட்டுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். எனக்கு மறுத்தவர்களைவிட டீ கொடுத்தவர்கள் அதிகம்.

ஒலிப்பதிவை ஓடவிடாதீர்கள்

பறவை வரவில்லை என்றதும் கைபேசியில் அதன் குரலைப் போட்டு வரவழைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சிரிப்பான் உடனே வரும். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிப்ரவரியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை கூடு கட்டும் காலம். பாசியும் நாரும் வேரும் வைத்துக் கிண்ணம் போலக் கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை, வெளிர் நீலத்தில் செம்பழுப்புப் புள்ளிகளோடு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். தன் எல்லைக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று நம்பிக் கூட்டை விட்டுவிட்டு உங்கள் கைபேசியோடு சண்டைக்கு வரும் அந்தப் பத்து நிமிடத்தில் குளிரில் கிடப்பது முட்டை. அதிலும் ஊட்டி மாதிரி எல்லோரும் வருகிற இடத்தில் ஒரே ஜோடியை ஒரு காலையில் நான்கு பேர் தொந்தரவு செய்வார்கள்.

கூடு கண்ணில் பட்டால் பின்வாங்குங்கள். கிளையை விலக்கிப் படம் எடுப்பது காக்கைக்கு வழி காட்டுவது. சொல்லப்போனால் முதல் பயணத்தில் கேமராவையே அறையில் விட்டுவிட்டு வருவது நல்லது. இது என் சொந்த அபிப்பிராயம், கேமரா நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பார்த்ததைப் பதிவது

பறவைகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் கணக்கு தொடங்கி, நின்ற இடம், நேரம், எண்ணிக்கையோடு பட்டியல் போடுங்கள். குரல் மட்டும் கேட்டாலும் பதியலாம், குறிப்பில் "கேட்டது மட்டும்" என்று எழுதினால் போதும். எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். ஒரு சரிவில் ஆறு இடத்திலிருந்து சிரிப்பு வந்தால் ஆறு என்று போடத் தோன்றும். அதில் பாதி, இடம் மாறிச் சிரித்த ஒரே பறவையாக இருக்கலாம். உறுதியாக ஒரே நேரத்தில் எத்தனை கேட்டது என்பதை மட்டும் எழுதுங்கள். பொங்கல் விடுமுறையில் மலையில் இருந்தால் அப்போது நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே பட்டியல் ஆகிவிடும்.

ஒரு குழப்பம் மட்டும் பாக்கி. ஊட்டியில் பார்த்துவிட்டு அடுத்த மாதம் கொடைக்கானல் போகிறவர்கள், அங்கேயும் வெள்ளைப் புருவத்தோடு ஒன்று புதருக்குள்ளிருந்து கத்துவதைக் கண்டு, பட்டியலில் நீலகிரி சிரிப்பான் என்றே போட்டுவிடுகிறார்கள். அது பழநி சிரிப்பான். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த உச்சியிலேயே வாழும் இந்தப் பறவைகளால் அந்தச் சூடான பள்ளத்தைத் தாண்ட முடியாமல், இரு பக்கமும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து வேறு வேறு இனமாகிவிட்டன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்திய மலைப் பக்கம் இருப்பது இன்னொன்று, வயநாட்டின் பாணாசுர மலைப் பக்கம் இருப்பது மற்றொன்று; ஆக மொத்தம் நான்கு. 2017-இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இந்த நான்கையும் இமயமலைச் சிரிப்பான்களிடமிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக வைத்தார்கள். புதியவர்களுக்கு நெஞ்சைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்: ஊட்டிக்காரருக்குக் கறுப்புத் தொண்டைக்குக் கீழே நேராகச் செங்கல் நிறம், கொடைக்கானல்காரருக்குச் சாம்பல் நெஞ்சில் கீற்றுகள், செம்மை வயிற்றுப் பக்கம்தான். கொடைக்கானலிலும் இதே வேலைதான்: பழம் உள்ள புதர், முன்னால் கொஞ்சம் திறந்த தரை, ஒரு சாக்கு.